அச்சமும் அன்பும் அடைக்கலமும்: கிறிஸ்தவ மர்மக் காதல் நாவல்களின் ஈர்ப்பு

இலக்கியத்திற் பயிலும் உணர்ச்சிகளை எண்வகை மெய்ப்பாடுகளாக வகுத்த தொல்காப்பியர், அச்சம் தோன்றுதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைச் சுட்டினார். உவகையை வேறொரு மெய்ப்பாடாக வைத்தார். எனினும், இவ்விரண்டனையும் ஒரே பாட்டில் இணைத்துக் காட்டுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. குறிஞ்சித்திணைக் களவொழுக்கத்தில், யானையும் புலியும் திரியும் மலைவழியே நள்ளிருளில் தலைவன் வருகின்றான். அவன் வரவை விரும்பும் தலைவியின் நெஞ்சமே, வழியின் ஏதத்தை எண்ணி நடுங்குகின்றது. காதல் மிகுந்தோறும் அச்சமும் மிகுகின்றது. அச்சம் மிகுந்தோறும் காதலின் ஆழம் புலப்படுகின்றது.

இவ்விரு உணர்ச்சிகளையும் பிணைத்துப் புனையும் நாவல்வகை ஆங்கிலத்தில் நெடுநாளாக உண்டு. அவற்றோடு இறைநம்பிக்கையை மூன்றாவது இழையாகச் சேர்த்து, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிற் பெருவழக்குப் பெற்றதே கிறிஸ்தவ மர்மக் காதல் நாவல். அதன் ஈர்ப்பு எங்கிருந்து பிறக்கின்றது என்பதும், அவ்வீர்ப்பை எவ்வளவு தூரம் மதிக்கலாம் என்பதும் ஆராயற்பாலன.

கதையமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். இளம்பெண் ஒருத்தி தற்செயலாக ஒரு கொலையைக் கண்டுவிடுகின்றாள். அல்லது, கண்ணுக்குப் புலப்படாத பகைவன் ஒருவனால் தொடரப்படுகின்றாள். அவளைக் காக்கும் பொறுப்பு ஒரு பொலிஸ் அதிகாரியிடமோ, போர்க்களத்தினின்று மீண்ட வீரனிடமோ வந்து சேர்கின்றது. இருவருள் ஒருவர் கடவுளை உறுதியாக நம்புபவர். மற்றவர் ஒரு பேரிழப்பின் பின் நம்பிக்கையைக் கைவிட்டவர், அல்லது அதனை என்றுமே அறியாதவர். பகைவன் நெருங்கி வரவர இவ்விருவரும் ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். இறுதியிற் பகைவன் இன்னான் என்பது வெளியாகின்றது. பல கதைகளில் அவன் முன்னரே அறிமுகமாகி நல்லவனென எண்ணப்பட்டவன். உயிர் பிழைக்கின்றது, நம்பிக்கை பிறக்கின்றது, திருமணம் உறுதியாகின்றது. முடிவு முன்னமே தெரிந்த இத்தகைய கதைகளை வாசகர் மீண்டும் மீண்டும் விரும்பி வாசிப்பதேன்? மலிவான எழுத்தென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஒதுக்குதல் திறனாய்வாகாது, பலர் விரும்புவதொன்றின் காரணத்தைக் காணுதலும் திறனாய்வாளன் கடனேயாம்.

இந்நாவல்வகையின் வேர் பதினெட்டாம் நூற்றாண்டு வரை செல்கின்றது. 1740ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் றிச்சட்சனின் ‘பமேலா’, பணிப்பெண் ஒருத்தியின் கடிதங்களால் இயன்றது. அவளுடைய எசமானன் அவளை வசப்படுத்த முயல்கின்றான். இயலாதபோது தொலைவிலுள்ள மாளிகையொன்றிற் சிறைவைக்கின்றான். அவள் இறைவனை வேண்டித் தன் கற்பைக் காத்து நிற்கின்றாள். ஈற்றில் எசமானனே மனந்திருந்தி அவளை மணக்கின்றான். அச்சம், காதல், பக்தி என்னும் மூன்றும் இங்கே ஒருங்கு வந்துவிட்டன. இந்நாவலின் துணைத்தலைப்பு நற்குணத்துக்குக் கிடைத்த பரிசு என்னும் பொருளது. பரிசு என்னும் அச்சொல்லே எதிர்ப்பையும் தோற்றுவித்தது. அடுத்த ஆண்டிலேயே ஹென்றி பீல்டிங் ‘ஷமேலா’ என்னும் எள்ளல் நூலை எழுதி, செல்வனை மணத்தற்காக நற்குணத்தை விலைப்பொருளாக்கிய ஒருத்தியைப் படைத்தார். நம்பிக்கைக்குக் கூலி உண்டோ என்னும் வினா இந்நாவல்வகையோடு உடன்பிறந்தது என்பதற்கு இது சான்று.

1794ஆம் ஆண்டில் ஆன் றாட்கிளிப் எழுதிய ‘உடோல்போவின் மர்மங்கள்’ பாழடைந்த கோட்டையையும் இருண்ட அறைகளையும் இம்மரபுக்கு அளித்தது. மொன்டோனி என்பானின் பிடியிலகப்பட்ட எமிலி காணும் திகிலூட்டும் காட்சிகளுக்கெல்லாம் இறுதியில் இயற்கையான விளக்கம் தரப்படுகின்றது. 1847ஆம் ஆண்டில் சார்லட் புறொன்ரே எழுதிய ‘ஜேன் எயர்’ இம்மரபைப் பேரிலக்கியமாக உயர்த்தியது. மாளிகையின் மேன்மாடத்தில் மறைந்துள்ள மர்மம் வெளியான பின்னர், மனைவி உயிரோடிருக்கும் றொச்செஸ்ரரை விட்டு ஜேன் வைகறையிற் புறப்படுகின்றாள். அவள் கையிற் பொருளில்லை, செல்லுமிடம் தெரியாது, சிலநாளிற் பசியால் உயிர்போகும் நிலைக்கும் வந்துவிடுகின்றாள். நேரியது இன்னதென அறிந்தமையால் அவள் சென்றாளேயன்றி, பரிசு கிட்டுமென அறிந்து சென்றிலள். இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

அமெரிக்காவில், 1865 முதல் 1947 வரை வாழ்ந்த கிறேஸ் லிவிங்ஸ்ரன் ஹில் என்னும் அம்மையார் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிக் கிறிஸ்தவக் காதற்கதைக்கு வழிவகுத்தார். கனடாவைச் சேர்ந்த ஜனெற் ஓக் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட, காதல் மெல்ல வருகின்றது எனப் பொருள்படும் தலைப்புடைய நாவல், மேற்றிசை நோக்கிக் குடிபெயர்ந்த காலத்திற் கணவனை இழந்த இளம்பெண்ணொருத்தியின் கதையைக் கூறிற்று. அதன் வெற்றி பதிப்பகத்தார் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. காதற்கதை வெளியீட்டிற் பெயர்பெற்ற ஹார்லிகுவின் நிறுவனம், 1997ஆம் ஆண்டிற் ‘லவ் இன்ஸ்பயர்ட்’ என்னும் கிறிஸ்தவக் காதல் வரிசையையும், 2005ஆம் ஆண்டில் அதன் கிளையாக மர்மக்கதைகளுக்கெனத் தனிவரிசையையும் தொடங்கிற்று. பக்தி, காதல், மர்மம் ஆகிய மூன்றும் ஒரே அட்டைக்குள் வணிகப் பொருளாகவும் நிலைபெற்றன.

இவ்வகையின் தன்மையை அறிதற்கு டீ ஹென்டர்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளரின் ஓமாலி குடும்பத் தொடர் தக்க எடுத்துக்காட்டாகும். 1999ஆம் ஆண்டில் வெளிவந்த முன்கதையைத் தொடர்ந்து, 2000 முதல் 2003 வரை ஆறு நாவல்கள் வெளிவந்தன. அநாதை இல்லமொன்றில் வளர்ந்த எழுவர், தாமே ஒரு குடும்பமாக இருப்பதென உறுதிபூண்டு ஒரே குடும்பப்பெயரை ஏற்றவர்கள். வளர்ந்தபின் ஒருவர் நாட்டுநீதிமன்றக் காவலராகவும், ஒருவர் தீயணைப்பு வீரராகவும், ஒருவர் முதலுதவிப் பணியாளராகவும், ஒருவர் குழந்தை வைத்தியராகவும் ஆகின்றனர். ஏனையோரும் இடருற்றோருக்கு உதவும் தொழில்களையே மேற்கொள்கின்றனர். இளமையிற் காப்பாரின்றி நின்றவர்களே பிறரைக் காப்போராகின்றனர்.

ஆறு நாவல்களின் தலைப்புக்களையும் நிரலாக வைத்து நோக்கினால் ஆசிரியரின் உள்ளக்கிடை விளங்கும். இடைநின்று பேசுபவர், காவலர், உண்மையைத் தேடுபவர், பாதுகாப்பவர், குணமாக்குபவர், மீட்பவர் என்பன அவற்றின் பொருள். இவை மனிதர் செய்யும் தொழில்களின் பெயர்கள். கிறிஸ்தவ வேதம் இறைவனுக்குரியனவாகக் கூறும் செயல்களும் பெரும்பாலும் இவையே. மனிதக் காவலனின் பின்னே மற்றொரு காவலன் நிற்கின்றான் என்பதைத் தலைப்பே உணர்த்திவிடுகின்றது.

இனி, இந்நாவல்வகையின் உள்ளே கிடக்கும் முரண்பாட்டை ஆராய்தல் வேண்டும். மர்மக்கதைக்கு ஐயம் உயிர். என்ன நேருமோ என்னும் தவிப்பு இல்லையாயின் கதை இல்லை. பக்திக்கோ உறுதி உயிர். அனைத்தும் இறைவன் கையில் உள்ளன என நம்புபவர்க்கு அச்சம் எங்ஙனம் உண்டாகும்? அச்சமில்லாதவர் மர்மக்கதையை எங்ஙனம் நுகர்வார்?

பெரியபுராணத்தைப் பன்முறை கேட்டவர்க்கு இதன் விடை ஓரளவு தெரியும். சிறுத்தொண்டர் கதையின் முடிவை அறியாதார் சபையில் இலர். ஆயினும் சீராளனை அழைக்கும் கட்டத்தில் நெஞ்சு விம்மாதாரும் இலர். முடிவு தெரிந்தபோது, என்ன நடக்கும் என்னும் வினா ஒடுங்கி, அடியவர் எவ்வாறு தாங்குவார் என்னும் வினா எழுகின்றது. கிறிஸ்தவ மர்மக் காதல் நாவலிலும் இவ்விடமாற்றம் நிகழ்கின்றது. கதாநாயகி பிழைப்பாளோ என்பது வெளிவினா. பிழைப்பாள் என்பதை வாசகர் அட்டையைக் கண்டபோதே அறிவர். அவள் நம்புவாளோ என்பதே உள்வினா.

இந்நாவல்களின் மூன்று இழைகளும் ஒரே முடிச்சிற் சேரும் இடமும் அதுவே. பகைவனால் தொடரப்படுபவள், எவரை நம்பி ஒளிவிடத்தின் கதவைத் திறப்பது என அறியாது தவிக்கின்றாள். முன்பு ஏமாற்றப்பட்டவள், மற்றொரு முறை ஓர் ஆண்மகனை நம்பித் தன் உள்ளத்தைத் திறக்க அஞ்சுகின்றாள். பெற்றோரையோ உடன்பிறந்தாரையோ இழந்தவள், அவ்விழப்பைத் தடுக்காத இறைவனை எங்ஙனம் நம்புவதென வினவுகின்றாள். மர்மம், காதல், சமயம் என வேறு வேறாகத் தோன்றும் மூன்று வினாக்களும் நம்பிக்கை பற்றிய ஒரே வினாவின் மூன்று வடிவங்களேயாம். அன்பு நிறைவெய்துமிடத்து அச்சம் அகலும் என்பது யோவானின் முதலாம் நிருபத்து நான்காம் அதிகாரம் தரும் கருத்து. அக்கருத்தைக் கதையாக விரித்தலே இந்நாவல்வகையின் தொழில் எனலாம்.

காதற்கதைக்கு இது வேறொரு நன்மையையும் செய்தது. தடையின்றிக் காதற்கதை இல்லை. குலம், செல்வம், பெற்றோர் ஆணை என முன்னையோர் கண்ட தடைகள் பிற்கால அமெரிக்க நாவலிற் பெரிதும் வலியிழந்தன. விரும்பிய இருவர் கூடுதற்குத் தடையாதுமில்லையாயின், முந்நூறு பக்கம் எழுதுவதெங்ஙனம்? நம்பிக்கையுடையார் நம்பிக்கையில்லாரோடு ஒரே நுகத்திற் பிணைக்கப்படலாகாது என்னும் பவுலின் அறிவுரை கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் உள்ளது. ஓமாலித் தொடரின் முதல் நாவலில், சிக்காகோ நகரிற் பணயக்கைதிகளை மீட்கப் பேச்சு நடத்தும் கேற் ஓமாலியைச் சமஷ்டிப் புலனாய்வுத் துறை அதிகாரியான டேவ் றிச்மன் விரும்புகின்றான். அவன் கிறிஸ்தவன், அவள் கிறிஸ்துவை ஏற்றிலள். உளமாரக் காதலித்தும் மணத்தை வேண்ட இயலாதவனாய் அவன் நிற்கின்றான். இது புறத்தே நின்று பிறர் இட்ட தடையன்று. தான் மதிக்கும் ஒன்றிற்காகத் தானே ஏற்ற தடை. காதலில் மதிப்புடையதொன்று பணயமாக வைக்கப்படுகின்றது. கதைக்குக் கனம் சேர்ப்பது இதுவே.

இத்தடையோடு இயைந்து வருவது இந்நாவல்களின் அடக்கம். காமக்காட்சிகளும் இழிசொற்களும் இவற்றில் விலக்கப்படுகின்றன. வன்முறையும் பெரும்பாலும் திரைக்குப் பின்னே நிகழ்கின்றது. இதனைக் குறையென எண்ணுவோர் உளர். ஆயின் கூறாது விடுதலும் ஒரு கலையாற்றலே. கை தீண்டுதலே அரிதாகிய கதையில் ஒருமுறை கை தீண்டுதல் ஓர் அதிகாரத்தைத் தாங்கவல்லது. தாய் வாசித்த நூலை மகளிடம் தயங்காது கொடுக்கலாம் என்பதும் இல்லங்களில் இவை பரவியமைக்கு ஒரு காரணம்.

வாசகரை நேரிற் கண்டு ஆராய்ந்தோர் கூறுவனவும் கருதத்தக்கன. ஜனிஸ் றாட்வே 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், காதல் நாவல்களை விரும்பி வாசித்த அமெரிக்க இல்லத்தரசியர் சிலரின் மனநிலையை ஆராய்ந்தார். கணவரையும் பிள்ளைகளையும் நாள்முழுதும் பேணும் அப்பெண்களைப் பேணுவார் எவருமில்லை. புத்தகத்தைக் கையிலெடுக்கும் நேரமே அவர்கள் தமக்கென ஒதுக்கிய நேரம். கதாநாயகி பேணப்படும்போது தாமும் பேணப்படுவதாக உணர்ந்தனர். 2006ஆம் ஆண்டில் லின் நீல், கிறிஸ்தவக் காதல் நாவல்களை வாசிக்கும் சுவிசேஷ சபைப் பெண்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். அவர்களுக்கு இவ்வாசிப்புப் பொழுதுபோக்காக மட்டும் அமையாது, பக்தி வாழ்வின் ஒரு கூறாகவும் அமைந்ததென்பது அந்நூலாற் புலனாகின்றது. கதாநாயகியைக் காதலன் கைவிடாமை இறைவன் கைவிடாமைக்கு ஓர் உவமையாய் நிற்கின்றது. தலைவன் தலைவி உறவை இறைவன் உயிர் உறவாகக் கண்ட திருக்கோவையாரையும் நம்மாழ்வார் பாசுரங்களையும் அறிந்த தமிழர்க்கு இவ்வுவமை விளங்குதல் எளிது.

ஈர்ப்பின் காரணங்கள் இவை. இனி, குறைகள் யாவை?

முதற்குறை, தீமையை இந்நாவல்கள் காட்டும் முறை. 1948ஆம் ஆண்டில் ஓடன் என்னும் கவிஞர் துப்பறியும் கதையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தம்மிடத்துள்ள குற்றவுணர்ச்சியால் வருந்துவோரே அக்கதைகளை நாடுகின்றனர். குற்றம் முழுவதும் ஒருவன் மேல் ஏற்றப்பட்டு அவன் நீக்கப்பட்டதும், ஏனையோர் ஏதேன் தோட்டத்துத் தூய்மைக்கு மீண்டாற்போல மகிழ்கின்றனர் என்பது அவர் கருத்து. எல்லாரும் பாவிகளே என்பது கிறிஸ்தவம் கூறும் அடிப்படைப் போதனை. அதனைப் போற்றும் நாவலிலேயே பாவம் முழுவதும் கொலைஞன் ஒருவனிடம் குவிந்து, கைவிலங்கோடு கதையைவிட்டு அகன்றுவிடுகின்றது. கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் எஞ்சுவது, நம்பத் தயங்கினோம் என்னும் சிறுகுறை மட்டுமே. இங்கே சமயம் கதையை ஆழமாக்கவில்லை. கதையின் வாய்பாடே சமயத்தை ஆழமற்றதாக்கிவிட்டது.

இரண்டாங்குறை, மனமாற்றம் திருமணத்துக்கு வாயிலாக அமைதல். நம்பிக்கையின்மையே மணத்துக்குத் தடையாயின், நம்பிக்கை பிறந்தவுடன் மணவினை அண்மித்துவிடும். அவள் இறைவனை நாடினாளோ, கணவனை நாடினாளோ என்னும் ஐயம் வாசகர்க்கு எழாமற் போகாது. திறமுடைய ஆசிரியர் இதனை அறிந்து, காதலனைச் சாராத வேறொரு வழியால் மனமாற்றம் நிகழச் செய்வர். ஓமாலித் தொடரிற் கேற்றின் உள்ளம் அசைதற்குக் காதலன் மட்டுமன்றிச் சகோதரி ஜெனிபரும் காரணமாதல் இதனாலேயே. குழந்தை வைத்தியராகிய ஜெனிபர் புற்றுநோயுற்றவள். நம்பிக்கையைக் கண்டடைந்து, அதனை ஏனையோர்க்கும் உணர்த்த விழைபவள். எழுவருள் எவரது துப்பாக்கியும் எவரது திறமையும் அந்நோய்க்கு எதிரே பயன்படா. காவற்கலையில் வல்ல குடும்பத்தின் நடுவே காவலுக்கு அடங்காத ஒரு பகையை ஆசிரியர் வைத்தமை, தொடரின் சிறந்த அமைப்புக்களுள் ஒன்று.

மூன்றாங்குறையே பெருங்குறை. செபித்தாள், ஆதலாற் பிழைத்தாள் என்னும் எண்ணத்தை இந்நாவல்கள் வாசகர் நெஞ்சில் ஊன்றிவிடுகின்றன. நூற்றுக்கணக்கான கதைகளில் ஒரே முடிவைக் கண்டவர்க்கு இறைவன் ஆயுதந்தாங்கிய மெய்க்காவலனாகவே தோன்றுவான். செபித்தும் பிழையாதோர் உலகில் உளரன்றோ? கதவைத் தாழிட்டுச் செபித்திருந்த வீட்டிற் கதவு உடைபட்டதும் உண்டன்றோ? அவ்வீட்டிற் பிழைத்தவளொருத்தி இந்நாவலைக் கையிலெடுப்பின், அவள் நம்பிக்கை போதாமையாலேயே இடர் நேர்ந்ததென இது அவளுக்குச் சொல்லாமற் சொல்லிவிடுமாயின், ஆறுதலளிக்க வந்த நூலே அவளைப் புண்படுத்துவதாகும். றிச்சட்சனை நோக்கிப் பீல்டிங் எழுப்பிய நகை இங்கே துயரமாக மாறுகின்றது.

இக்குறையை நீக்கும் மருந்து கிறிஸ்தவ வேதத்திலேயே உள்ளது. தானியேல் ஆகமத்தின் மூன்றாம் அதிகாரத்தில், அரசன் நிறுவிய பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞர் தீச்சூளை முன் நிறுத்தப்படுகின்றனர். தம் தேவன் தம்மைக் காக்க வல்லவர் என்கின்றனர். காவாது விடினும் சிலையை வணங்கோம் என்றும் உடன் கூறுகின்றனர். அவர்கள் தீயினின்று மீண்டமை அற்புதம். மீட்கப்படாவிடினும் மாறோம் என்ற உறுதியோ அற்புதத்துக்கு முன்னரே நிறைவுற்றுவிட்டது. சைவ வாசகர்க்கு இவ்விடத்தில் நீற்றறையில் இடப்பட்ட திருநாவுக்கரசர் நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கே அவர் பாடிய பதிகம் தாம் தப்பியதைப் பேசவில்லை. இறைவன் திருவடி நிழலின் இனிமையையே பேசுகின்றது. அடைக்கலம் வேறு, ஆபத்தினின்று தப்புதல் வேறு என்பதை இரு மரபினரும் அறிந்திருந்தனர்.

இதனையே இந்நாவல்வகைக்கு உரைகல்லாகக் கொள்ளலாம். இறுதி அதிகாரத்தில் மீட்பு வாராதிருந்தால், அதற்கு முந்திய அதிகாரத்துச் செபம் பொருளுடையதாய் நிற்குமா? நிற்குமாயின் அந்நாவல் நன்று. இன்றேல், அது பக்தி உடுத்த வணிகம். ஜேன் எயர் இவ்வுரைகல்லில் ஒளிர்கின்றாள். றொச்செஸ்ரரை அவள் மீண்டும் அடையாதிருப்பினும், அவ்வைகறையிற் புறப்பட்டமை குன்றாது. ஹென்டர்சனின் 1999ஆம் ஆண்டு நாவலின் நாயகி சேராவும் ஓரளவு தேறுகின்றாள். சிறுவயதில் இரட்டைச் சகோதரியோடு கடத்தப்பட்டுத் தான் மட்டும் மீண்டவள் அவள். ஒருத்தியை மீட்ட இறைவன் மற்றவளை ஏன் மீட்டிலன் என்னும் வினா அக்கதையின் அடித்தளத்திற் கிடக்கின்றது. பகைவன் பிடிபடுவதால் அவ்வினா தீராது. தீராத வினாவோடு அன்பையும் இறைவனையும் ஏற்கும் பெண்ணை வாசகர் நம்பமுடிகின்றது.

ஈழத்திலும் கிறிஸ்தவ நாவலுக்கு ஒரு மரபு உண்டு. யாழ்ப்பாணத்து மங்களநாயகம் தம்பையா என்னும் அம்மையார் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலுக்கு ‘நொறுங்குண்ட இருதயம்’ எனப் பெயரிட்டார். ஐம்பத்தோராம் சங்கீதத்தினின்று எடுத்த தொடர் அது. மர்மக்கதை வரிசைகளின் அட்டைகள் பாதுகாப்பை முன்வைக்க, இந்நாவலின் பெயர் உடைந்த நெஞ்சத்தை முன்வைக்கின்றது. உடைந்த நெஞ்சத்தையும் இறைவன் புறக்கணியான் என்பதே அச்சங்கீதம் தரும் ஆறுதல். நெஞ்சம் உடையவே மாட்டாது என அது உறுதி கூறவில்லை.

தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களன்களுட் கள்வரையும் இறையையும் அடுத்தடுத்து வைத்தார். அவர் கூறிய இறை அரசனேயாயினும், அச்சொல் கடவுளையும் குறிக்குமாதலின் இங்கு ஒரு கருத்துத் தோன்றுகின்றது. கள்வர்க்கு அஞ்சித் தொடங்கும் கதை, கள்வன் பிடிபட்டதோடு முடியின் மர்மக்கதை மட்டுமே. கள்வர்க்கு அஞ்சிய நெஞ்சம், அவ்வச்சம் முற்றும் நீங்காத நிலையிலும், இறையையும் அயலாரையும் நம்பிக் கதவைத் திறக்கத் துணியுமாயின், அக்கதை இலக்கியத்தின் வாயிலை அணுகிவிட்டது எனலாம். நள்ளிரவிற் கதவு தட்டப்படும் ஓசைக்கு நடுங்குதல் எல்லா நாட்டு மாந்தர்க்கும் பொது. அந்நடுக்கத்தை அறிந்தவர் எழுதுமிடத்தும், அறிந்தவர் வாசிக்குமிடத்தும் இந்நாவல்வகைக்கு மதிப்பு உண்டு.